மதகடியில் நின்ற வீதி

எங்கள் வீட்டு வாசற் படலையில் நின்று மேற்கே பார்த்தால், கூப்பிடு தூரத்தில் ஒரு மதகு தெரியும். வாய்க்கால் வீதியைக் குறுக்கறுக்கும் இடம் அது. பிரதான வீதியிலிருந்து கறுத்து மினுங்கி, நடுவே வெள்ளைக் கோடும் போட்டுக்கொண்டு வருகிற தார்க் காப்பெற் வீதி, அந்த மதகுக்கு இப்பால் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்துவிடும். அப்பால் வெறும் கிறவல் மண். மாரியில் சேறு, கோடையில் செம்புழுதி. மதகுக்கு அப்பால் குடியிருப்பவர்களின் வயல்களும் எங்கள் வயல்கள் குடிக்கும் குளத்து நீரையே குடிக்கின்றன. இருந்தும் வீதி எங்கள் படலையைத் தாண்டிய கையோடு நின்றுவிட்டது. ஏன் அங்கே நின்றது என்ற கேள்வி பாராளுமன்றம் வரை போய்த் திரும்பி வந்த கதையை நானே எழுதிவைப்பது நல்லதென்று படுகிறது. மற்றவர்கள் சொல்லும் கதைகளில் பிழை மலிந்துவிட்டது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருத்திரபுரத்துக்கு அண்மையில், என் தகப்பனார் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டித் திருத்திய காணியில் இருக்கிறேன். படித்தது குடாநாட்டுக் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கி. உத்தியோகம் மாவட்ட அரசாங்கச் செயலகமான கச்சேரியில், கணக்காளராக. கணக்காய்வு வினா எதற்கும் நான் விடையளிக்காமல் விட்டதில்லை. அரசாங்க வாகனத்தில் என் வீட்டு விறகு ஒரு கட்டும் ஏறியதில்லை. இளைப்பாறிய பின்னரும் இப்பகுதியில் வழி கேட்பவர்களுக்கு எங்கள் வீடு ‘கணக்காளர் வீடு’ என்றே காட்டப்பட்டு வந்தது. அந்தப் பெயரை நான் ஒரு சொத்தாகக் கருதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மனைவியின் தம்பி கடந்த தேர்தலில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். தாயார் இளவயதிலேயே காலமானதால், அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என் மனைவிதான். நாங்கள் மணம் முடித்த காலத்தில் அவர் அரைக்காற்சட்டையோடு எங்கள் பின்னாலேயே திரிவார். இப்போது தலை நரைத்து, பாதுகாப்பு உத்தியோகத்தரோடும் சாரதியோடும் வந்து இறங்குகிறார். ஆனாலும் படலைக்குள் காலடி வைத்ததும் முதல் விசாரணை குசினியை நோக்கித்தான்: “அக்கா, என்ன கறி?”

சபையில் பேசவேண்டிய வாரங்களில், உரையை எழுதிக்கொண்டு முதலில் எங்கள் விறாந்தைக்கு வருவார். நான் கதிரையில் இருந்து கேட்பேன். மனைவி அரிவாளில் வெங்காயம் அரிந்தபடி குசினி வாசலில் இருந்து கேட்பார். தொகைகளையும் சொற்களையும் திருத்துவது என் வேலை. வேகத்தைத் திருத்துவது அவருடைய வேலை. “ஆறுதலாக் கதை, ஆரும் கலைக்கேல்லை” என்று அங்கிருந்தே சொல்லுவார். பாராளுமன்ற உறுப்பினர் தலையாட்டிவிட்டு, அந்தப் பந்தியை மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். அந்த மாலைப்பொழுதுகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை.

வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அவர் ஆற்றிய உரை, நான் கைவைத்தவற்றுள் சிறந்தது என்பேன். பொதுப்படுகடனைப் பற்றியது. நாடு வெளியாரிடம் வாங்கிய கடனை எங்கள் பேரப்பிள்ளைகளும் இறுக்கவேண்டும். ஆனால் அந்தக் கடனில் போட்ட வீதிகள் வன்னியில் பாதி வழியில் நிற்கின்றன. தொடங்கியவர் யார், நிறுத்தியவர் யார், விடை சொல்லவேண்டியவர் யார் என்பதே அதன் சாரம். பொறுப்புக்கூறல் என்ற சொல், போரில் இழந்தவர்களுக்காகக் கேட்கப்படுவதால், எங்கள் மண்ணில் மிகப் பாரமானது. அதை வீதிக்கும் கல்லுக்கும் பயன்படுத்தலாமா என்று நாங்கள் நெடுநேரம் யோசித்தோம். சிறிய காரியத்தில் விடை சொல்லப் பழகாதவர்கள் பெரிய காரியத்தில் எப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று மைத்துனர் கேட்டார். அந்தச் சொல் உரையிலேயே இருந்துவிட்டது.

உரையை அவருடைய முகநூலில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். மனைவி தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார். இருவரும் பார்த்தோம். மைத்துனர் ஆறுதலாகத்தான் பேசினார். “யார் இதற்குப் பொறுப்புக் கூறுவது?” என்ற இடத்துக்கு வந்ததும், எதிர்ப்பக்கத்து வரிசையிலிருந்து தமிழ் உறுப்பினர் ஒருவர், எழும்பாமலே குரல் கொடுத்தார்.

“உங்கட அத்தான்ர படலையோட ஏன் காப்பெற் முடிஞ்சது? முதல்ல அதுக்குப் பொறுப்புக் கூறுங்கோவன்.”

சபை சிரித்தது. மைத்துனர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குரிய விடை அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். அவர் அமர்ந்தார்.

அன்று மாலைக்குள் அந்தத் துண்டு மட்டும் வெட்டப்பட்டு ஊர் முழுவதும் பரவிவிட்டது. கனடாவிலிருந்து என் வகுப்புத் தோழர் ஒருவர் அழைத்துச் சுகம் விசாரித்தார். அவர் சுகம் விசாரிக்க அழைப்பவரல்லர். கோயில் பரிபாலன சபையின் பொருளாளராக நான் கணக்கு வாசித்தபோது, வழமையாகக் கேள்வி கேட்பவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. மரியாதையாகத் தலையைக் குனிந்திருந்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

வீதி போடப்பட்டது மைத்துனர் அரசியலுக்கு வருவதற்கு முன்னர். எனவே அவருடைய செல்வாக்கால் வீதி என் வாசலுக்கு வந்தது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. இதை எத்தனை பேரிடம் நின்று விளக்குவது? விளக்கம் சொல்லத் தொடங்குகிறவன் பாதிக் குற்றவாளி என்பதைக் கச்சேரியில் நானே பலரிடம் கண்டிருக்கிறேன். ஆகவே வேறொரு ஒழுங்கு செய்தேன். எங்கள் வளவின் பின்பக்கத்தில் வாய்க்கால் கரைக்குப் போக ஒரு சிறு படலை உண்டு. அதைத் திருத்தி, சைக்கிளை அவ்வழியால் எடுத்துப் போகத் தொடங்கினேன். கடைக்கும் கோயிலுக்கும் அந்தக் கரைவழியே போய் வந்தேன். காப்பெற் வீதியில் என் கால் படுவதை எவரும் காணக்கூடாது என்பது என் தீர்மானம். மழைநாளில் சேறு வேட்டிக் கரையில் ஏறும். மனைவி ஒன்றும் கேட்காமல் தோய்த்துப் போடுவார்.

ஒருநாள் மட்டும், கொடியில் வேட்டியை விரித்தபடியே, “இஞ்சருங்கோ, றோட்டு உங்களுக்கு என்ன செய்தது?” என்றார்.

நான் சைக்கிளில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டேன். அவர் முகத்தில் ஏதோ சொல்ல வந்து நின்றதைக் கண்டேன். என் மேலுள்ள அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

மைத்துனருக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். வீதி ஏன் அந்த இடத்தில் நின்றது என்று விசாரித்து, அதைச் சபையிலேயே சொல்லவேண்டும். அவரும் அமைச்சிடம் கேட்டார். நிதி நின்றதால் வேலை நின்றது என்று விடை வந்தது. அது நாடறிந்த விடயம். நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று கைவிரித்த ஆண்டில் எத்தனையோ வீதிகள் நின்றன. ஆனால் ஏன் என் படலையடியில் என்பதற்கு அதில் விடை இல்லை.

“அத்தான், அறுவடைக்கு வாறன். சனத்திட்ட நேர கேப்பம்” என்றார்.

எங்கள் பகுதியில் மாரிமழையை நம்பி விதைத்த காலபோக நெல்லின் அறுவடை என்றால், வீதி வீதியாக இராது. இயந்திரம் வெட்டித் தள்ளும் நெல் ஈரமாக இருக்கும். ஈர நெல்லுக்கு வியாபாரி விலையை அறுத்துவிடுவான். காயவைப்பதற்குத் தளம் கிடையாது. எனவே காப்பெற் வீதியின் ஒரு பக்கம் முழுவதும் நெல் பரப்பப்படும். முதல்நாளே அவரவர் இடத்துக்கு அடையாளம் வைத்துவிடுவார்கள்: ஒருவர் கல், ஒருவர் பழைய ரயர், ஒருவர் கால் உடைந்த பிளாஸ்ரிக் கதிரை. அந்த அடையாளத்தை இன்னொருவர் நகர்த்தியதாக நான் அறிந்ததில்லை. உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணியில் எல்லைச் சண்டை பிடிப்பவர்கள்கூட அரசாங்க வீதியில் கதிரைக்குக் கட்டுப்படுவார்கள். மதகுக்கு அப்பாலுள்ளவர்களும் நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இப்பாலுக்கு வருவார்கள். எங்கள் வாசலில் நாள் முழுவதும் ஆட்களும், நெல் விரிக்கும் படங்குகளும், கிளறும் விறாண்டிகளுமாக இருக்கும்.

அவ்விதமான ஒரு சனிக்கிழமை காலையில் மைத்துனர் வந்தார். பிரதான வீதி முகப்பிலேயே வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். நான் படலைக்கு உள்ளே, பூவரச மரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதகுக்கு அப்பால் வயல் செய்யும் ஒருவர் அன்று எங்கள் வாசலுக்கு நேரே நெல் பரப்பியிருந்தார். மலையகத்தில் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பத்தின் மகன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பகிடி சொல்லாமல் ஒரு வாய்த் தேநீரும் குடிக்கமாட்டார். அவர்தான் முதலில் குரல் கொடுத்தார்.

“எம்.பி. ஐயா, வாறது வாறீங்கள், சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் காலால ஒருக்கா உழக்கிக்கொண்டு வாங்கோ. நெல்லுப் பிரளட்டும்.”

பாதுகாப்பு உத்தியோகத்தர் முகத்தைச் சுளித்தார். மைத்துனர் ஒரு சொல்லும் பேசாமல் சப்பாத்தைக் கழற்றிச் சாரதியிடம் கொடுத்தார். காற்சட்டையை மடித்துவிட்டு, நெல்லுக்குள் இறங்கி, கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் நெல்லில் இரண்டு கோடுகள் நீண்டன. சிறுவயதில் அக்கா பழக்கியது அது. நாட்டின் சட்டம் ஆக்கும் ஒருவர் வீதியில் அப்படி நடந்து வருவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கும் வெளியே போகவேண்டியதாயிற்று. வெகுநாட்களின் பின் முன்படலையைத் திறந்தேன்.

மதகடியில், காப்பெற் முடியும் ஓரத்தில் நின்று அவர் எல்லோரையும் கேட்டார்.

“இந்த இடத்தில ஏன் நிண்டது? ஆருக்கும் தெரியுமே?”

விறாண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாகின. யாரும் நிமிரவில்லை. பகிடிக்காரர் மட்டும் விறாண்டியைச் சாய்த்து வைத்தார். பின் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“தெரியாமல் என்ன. நாங்கள்தான் நில் எண்டு சொன்னம்.”

அதன்பின் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னவற்றை நான் இங்கே ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். அந்த ஆண்டு அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. வெட்டிய நெல் முளைக்கிற நிலை. அப்போதுதான் புதுக் காப்பெற் மதகு வரை போடப்பட்டிருந்தது. மழை விட்டதும் எல்லோரும் அதன்மேல் நெல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆனால் மதகுக்கு அப்பால் வேலை தொடர வேண்டுமானால், தார்க்கலவை ஏற்றிய லொறிகள் இந்தப் போட்ட துண்டின்மேல்தான் வரவேண்டும். நெல்லை எடுங்கள் என்றார் ஒப்பந்தகாரரின் மேற்பார்வையாளர். நெல் காயும்வரை பொறுங்கள் என்றார்கள் இவர்கள். அவரும் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை போலும். மனமிரங்கி, இயந்திரங்களை வேறொரு வேலைக்குத் தர்மபுரம் பக்கம் அனுப்பினார். நெல் காய்ந்தது. அதற்கிடையில் நாட்டில் டீசல் இல்லை, தார் இல்லை, கடைசியில் காசும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். போன இயந்திரங்கள் போனவைதான்.

“றோட்டு றோட்டெண்டு இவ்வளவு காலமும் அழுதுபோட்டு, வந்த றோட்டை நில்லெண்டு சொன்னனாங்கள் எண்டால் ஆர் நம்புவினம்?” என்றார் அவர். “எங்களுக்கே வெக்கம்.”

“மேற்பார்வையாளரோட ஆர் கதைச்சது?” என்று மைத்துனர் கேட்டார்.

இம்முறை எல்லோருடைய கண்களும் போன இடம் ஒன்றே. நானும் அங்கே பார்த்தேன். என் மனைவி, நெற்றியில் ஈரத்துணி கட்டி, விறாண்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“நான்தான்” என்றார். “கூப்பிட்டுத் தேத்தண்ணியும் குடுத்து, தம்பி, கொஞ்சம் பொறுங்கோ எண்டு கேட்டனான். இவையின்ர நெல்லு முளைச்சுக்கொண்டு கிடந்தது. பேந்து என்ன செய்யிறது?”

அந்த வாரங்களில் நான் வவுனியாவில், நெளுக்குளத்தில் மகள் வீட்டில் இருந்தேன். கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். எரிபொருள் வரிசைகளால் உடனே திரும்பி வர முடியவில்லை. வந்தபோது வீதி மதகடியில் நின்றிருந்தது. நிதி நின்றதால் நின்றது என்று ஊரெல்லாம் சொன்னது. வீட்டிலும் அதையே சொன்னார்கள். நான் நம்பினேன்.

“ஊர் முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது” என்றேன். “என் படலையைப் பற்றிய கதை எங்கிருந்து புறப்பட்டது?”

பகிடிக்காரர் என்னைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்தார். “அது நான்தான் ஐயா. உங்கட வாசலில காயிற நெல்லுக்கு எம்.பி.ன்ர காத்துப் படுகுது, அதுதான் கெதியாக் காயுதெண்டு மில்லில பகிடிக்குச் சொன்னனான். அது படலைக் கதையாகி, காலும் கையும் வைச்சுக் கொழும்புக்குப் போகுமெண்டு ஆர் கண்டது?”

“உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“உங்கட வீட்டு அம்மாவின்ர பேர் அடிபடுமெல்லே” என்றார். பிறகு மெதுவாக, “உங்களுக்கு என்ன ஐயா. ஆர் என்ன சொன்னாலும் உங்களை ஒருத்தரும் பிழையா நினைக்கமாட்டினம் எண்டு விட்டிட்டம்.”

இவ்வளவு காலமும் என் பெயரை நான் தூசு படாமல் பொத்திவைத்திருந்தேன். ஊர் அதைத் தன் பாட்டுக்கு எடுத்து, மழைக்கு ஒதுங்கும் கொட்டிலாகப் பாவித்திருக்கிறது. என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கவும் மாட்டேன். ஆனாலும் அந்தக் காலை வெயிலில், கோபம் வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை.

மாலையில் விறாந்தையில் மூவரும் இருந்தோம். மைத்துனர் தாளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். அவருடைய சங்கடம் எனக்கு விளங்கியது. சனமே நிறுத்தச் சொன்னது என்று சபையில் சொன்னால், அமைச்சு அதையே பிடித்துக்கொள்ளும். மிச்ச வீதி ஒருநாளும் வராது. சொல்லாவிட்டால், ‘அத்தான்ர படலை’ அடுத்த தேர்தல் வரை ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்தவர்களிடம் கணக்குக் கேட்பவர் தன் வீட்டுக் கணக்கை மறைத்தவராகவும் ஆகிவிடுவார்.

“அத்தான், நீங்கள் சொல்லுங்கோ. உங்கட பேர்தான் இதில போகுது” என்றார்.

“சொல்லவேண்டாம்” என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். “உமது அக்காவின் பெயர் சபையின் ஹன்சாட் பதிவேட்டில் ஏறி, அதை வைத்து அவர்கள் சிரிப்பதற்கு நான் சம்மதியேன். என் பெயர் கிடந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பழகிவிட்டது.”

மனைவி அரிவாளை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். என்னோடு பேசும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“நான் என்ன, களவெடுத்தனானே? நெல்லுக் காயவிட்டனான்” என்றார். “என்னாலதான் நீங்கள் அந்த வாய்க்கால் சேத்துக்குள்ள சைக்கிள் உருட்டுறியள் எண்டு தெரிஞ்சும், சொல்லப் பயந்துகொண்டு வேட்டி தோய்ச்சனான். எனக்கு அந்தத் தண்டனை காணும். தம்பி, எழுது.”

தம்பி எழுதினார். நான் திருத்தினேன். ‘அப்பகுதி விவசாயப் பெண்மணி ஒருவர்’ என்று ஒரு வரியை மாற்றினேன். மனைவி எட்டிப் பார்த்து, “ஆர் அந்தப் பெண்மணி?” என்று கேட்டார். அதை வெட்டி, ‘என்னுடைய அக்கா’ என்று மைத்துனரே எழுதினார்.

அடுத்த அமர்வில் அவர் பேசியபோது தொலைபேசி மறுபடியும் சீனிப் போத்தலில் சாய்ந்தது. கடன் வாங்கி வீதி போட்டவர்கள், அதே வயல் நடுவில் நெல் காயவைக்க ஒரு தளம் போட நினைக்கவில்லை என்றார். வீதியா சோறா என்று ஒரு வாரத்துக்குள் தெரிந்தெடுக்கச் சொன்னால் சனம் எதைத் தெரிந்தெடுக்கும் என்று கேட்டார். பின்னர், அக்கா பழக்கிய வேகத்திலேயே சொன்னார்:

“அந்த வீதியை மறித்தவர் என்னுடைய அக்கா. எங்கள் வீட்டுப் பொறுப்பை நான் கூறிவிட்டேன். இனி உங்களுடையதைக் கூறுங்கள்.”

சிரித்தார்கள். எதிர்ப்பக்கத்து அந்த உறுப்பினரும் மேசையில் தட்டிச் சிரித்தார். ஆனால் குறுக்கே பேசவில்லை. அமைச்சர் தம் பதிலில், உலர்தளமும் மிகுதி வீதியும் நிதி ஏற்பாடு கிடைக்கும் பட்சத்தில் கவனத்தில் எடுக்கப்படும் என்றார். அந்த வசனத்தை என் சேவைக்காலத்தில் நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். அதன் நீளம் எனக்குத் தெரியும். நான் இதை எழுதும் இன்றுவரை மதகுக்கு அப்பால் கிறவல்தான். மைத்துனர் ஒவ்வொரு அமர்விலும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நடந்த மாற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊர் எங்கள் இடத்துக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டது. ‘அக்கா மறிச்ச இடம்’ என்கிறார்கள். முச்சக்கரவண்டிக்காரர், மில்லுக்காரர், மின்மானி வாசிப்பாளர் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். என் மனைவியைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றே சொல்லுகிறார்கள். ‘கணக்காளர் வீடு’ என்று கேட்பவர் அருகிவிட்டார். பின்படலைக்கு மனைவி பூட்டுப் போட்டுத் திறப்பைத் தன் அலுமாரியில் வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் மகள் நெளுக்குளத்திலிருந்து ஒரு வான் வண்டியில் பலாப்பழங்கள் அனுப்பியிருந்தாள். சாரதி பிரதான வீதியில் நின்று எனக்கு அழைத்து, வழி கேட்டார். கணக்காளர் வீடு என்று எவரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்றேன். கடையடியில் நிற்பவர்களுக்குத் தெரியாதாம் என்றார். இளம் ஆட்கள் போலும். மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“தம்பி, காப்பெற் முடியுமட்டும் வாங்கோ” என்றேன். “அக்கா மறிச்ச இடம் எண்டு கேளுங்கோ. காட்டுவினம்.”